படித்ததில் பிடித்தது

2010 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கணினியை இணையத்தின் முன்னால் உட்காரவைத்து, “படி” என்றார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் என்ற பேராசிரியரின் குழு செய்த வேலை அது. கணினிக்கு நெல் என்று பெயர் வைத்தார்கள். ஓயாமல் மொழி கற்பவர் என்ற பொருளில் வரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். டார்பா என்கிற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பும் கூகுளும் பணம் கொடுத்தன. யாஹூ கணினிகளைக் கொடுத்தது. மாணவனுக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, மதிப்பெண் குறைந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லவும் வழி கிடையாது. இரவும் பகலும் இணையப் பக்கங்களைப் படித்து, இது ஊர், இது கம்பெனி, இது காய்கறி, இது நோய் என்று உலகத்தை அதுவே வகை பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிரித்தது. பேக்கரி பண்டங்கள் என்றொரு வகை அதனிடம் இருந்தது. தின்கிற பண்டங்கள் எல்லாம் ஒழுங்காக உள்ளே போயின. பிறகு எங்கோ ‘இன்டர்நெட் குக்கி’ என்று படித்தது. நாம் ஒரு வலைத்தளத்துக்குப் போனால் அது நம் கணினியில் போட்டுவைக்கும் சிறு தகவல் துணுக்குக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் பிஸ்கட்டுக்கும் அதே பெயர். நெல் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. அதையும் பேக்கரியில் சேர்த்தது. அடுத்து, இன்டர்நெட் குக்கிகளை அழித்துவிட்டேன் என்று யாரோ எழுதியதைப் படித்தது. கோப்புகளை அழித்துவிட்டேன் என்று வேறு யாரோ எழுதியதையும் படித்தது. குக்கியை அழிக்கலாம், கோப்பையும் அழிக்கலாம், ஆகவே கோப்பும் பேக்கரி பண்டமே! இப்படிக் கணினிக் கோப்புகள் வரிசையாக அடுப்பேறத் தொடங்க, மனிதர்கள் ஓடிவந்து அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது நெல்லின் கணக்கில் 3,90,000 செய்திகள் இருந்தன. அவற்றில் 87 விழுக்காடு சரி என்றார்கள்.

நெல்லைக் கேலி செய்வதற்காக இந்தக் கதையை எடுக்கவில்லை. அது நல்ல பிள்ளை. கற்றதையெல்லாம் பொதுவில் விரித்து வைத்தது. எந்தச் செய்தியை எவ்வளவு நம்புகிறது என்று எண் போட்டுக் காட்டியது. எங்கிருந்து எடுத்தாய் என்றால் இடத்தைச் சொன்னது. போகிற வருகிறவர்கள்கூட ‘இது தப்பு’ என்று குறி போட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பின்னால் வந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் நெல்லின் அருமை தெரியும்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ராத்திரி கண் விழித்து ஒரு கட்டுரை எழுதுவார். காலையில் இன்னொருவர் அதை எடுத்து, மேலே இருக்கிற பெயரை நறுக்கிவிட்டு, கீழே ‘படித்ததில் பிடித்தது’ என்று போட்டு, இரண்டு கும்பிடும் மூன்று ரோஜாப்பூவும் சேர்த்துத் தன் பக்கத்தில் ஒட்டுவார். எழுதியவருக்கு நாற்பது லைக், ஒட்டியவருக்கு நாலாயிரம். “ஏன் சார் பேரை எடுத்தீங்க?” என்றால், “நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே சார்” என்பார். இந்தத் தத்துவத்தைக் காப்புரிமை வாங்காமல் விட்டது நம் தப்பு. சிலிக்கான் பள்ளத்தாக்கு இதையே அப்படியே எடுத்து, உலகத்தின் எல்லா எழுத்தின் மீதும் நடத்தி, அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டி, பங்குச் சந்தைக்கு அழைத்துப் போய்விட்டது.

பெயரை நறுக்கினால் எழுதியவருக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். படிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். சொன்னவர் மருத்துவரா, மருந்து விற்கிறவரா, வேடிக்கைக்கு எழுதுகிறவரா, பொழுது போகாமல் உளறியவரா என்கிற தகவல் அந்தப் பெயரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது வெறும் வாக்கியம். வாக்கியத்துக்கு முகம் கிடையாது. எல்லா வாக்கியமும் ஒரே நிறை.

நெல்லுக்கு முன்னால், கணினிக்கு அறிவூட்ட வேறொரு வழியில் முயன்றவர் ஒருவர் இருந்தார். டக்ளஸ் லெனாட். 1984-இல் டெக்சாசின் ஆஸ்டினில் சைக் என்ற திட்டத்தைத் தொடங்கி, சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பொது அறிவை ஒவ்வொரு விதியாக ஆள் வைத்துக் கணினிக்குள் எழுதினார். செத்தவர் கடைக்குப் போக மாட்டார் என்கிற அளவிலான விதிகள். நாற்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக உழைத்து, 2023-இல் மறைந்தார். வேலை அப்போதும் முடியவில்லை. அறிவை ஊட்டுவது எவ்வளவு மெதுவான காரியம் என்பதற்கு அந்த மனிதரின் ஆயுளே கணக்கு. பொறுமை இல்லாதவர்கள், “எதற்கு ஊட்டுவானேன், மொத்தமாக அள்ளிக் கொட்டு, அதுவே தின்னும்” என்றார்கள். ஓப்பன்ஏஐ என்ற கம்பெனி 2019-இல் ஜிபிடி-2 என்ற தன் பிள்ளைக்குப் பாடநூல் தேர்ந்தெடுத்த விதத்தைக் கேளுங்கள். ரெட்டிட் என்கிற அரட்டைத் தளத்தில் யாராவது ஓர் இணைப்பைப் போட்டு, அதற்குக் குறைந்தது மூன்று புள்ளி கிடைத்திருந்தால் அந்தப் பக்கம் பாடநூல். பாடநூல் கழகம், வல்லுநர் குழு, பிழைதிருத்துநர் எல்லாம் அந்த மூன்று கைதட்டல்தான்.

படித்துவிட்டு அது செய்வது என்ன? முன்னால் வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது. உண்மை எது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. எது வழக்கமாக வரும் என்றுதான் பழக்கினார்கள். பிரமாதமான வித்தை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வித்தையைச் செய்தி சொல்லும் பீடத்தில் ஏற்றியது யார் என்பதுதான் கேள்வி.

2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தன் தேடல் பக்கத்தின் தலைமாட்டில் இந்த ரகப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டாமல் வழுக்குகிறதே என்று ஒருவர் கேட்டார். சாஸில் எட்டில் ஒரு பங்கு கப் பசை கலக்கச் சொன்னது. பசை என்றால் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற பசை. உடம்புக்குக் கெடுதல் செய்யாத பசையாகப் பார்த்துப் போடு என்று அக்கறையாக வேறு சொன்னது. எங்கே படித்தது? ரெட்டிட்டில் பதினோரு ஆண்டுக்கு முன்னால் ஒரு குறும்பன் விளையாட்டாகப் போட்ட வரி. அந்த ரெட்டிட்டின் அரட்டையைப் படிக்கக் கூகுள் ஆண்டுக்கு ஆறு கோடி டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டிருப்பதாக அந்தப் பிப்ரவரியில்தான் ராய்ட்டர்ஸ் எழுதியிருந்தது. ஆறு கோடி டாலர் கொடுத்து வாங்கிய பசை! நம் ஊர் ஒப்பந்தக்காரர்கள்கூட இவ்வளவு விலை போட மாட்டார்கள்.

இன்னொருவர், ஒரு நாளைக்கு எத்தனை கல் சாப்பிடலாம் என்று கேட்டார். ஒரு சின்னக் கல்லாவது சாப்பிடுங்கள் என்று பெர்க்லி நிலவியலாளர்கள் சொல்வதாகப் பதில் வந்தது. அது தி ஆனியன் என்கிற கேலிப் பத்திரிகை 2021-இல் எழுதியது. நிலவியல் மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனி அதைச் சிரிப்புக்காகத் தன் தளத்தில் மறுபதிப்புப் போட்டிருந்தது. நிலவியல் கம்பெனி, கல்லைப் பற்றிய செய்தி; மாணவன் விழுந்துவிட்டான். கூகுள் பிறகு கொடுத்த விளக்கம் இன்னும் அழகு. கல் தின்பதைப் பற்றி யாரும் தீவிரமாக எழுதி வைக்கவில்லை, தகவல் வெற்றிடம் ஏற்பட்டுவிட்டது என்றது. மனித குலம் குற்றவாளி! இத்தனை ஆயிரம் ஆண்டில் ‘கல் தின்னாதே’ என்று ஒரு கட்டுரை எழுதாமல் போனோமே.

அமெரிக்கர் வயிறு, அவர்கள் பாடு என்று விட முடியவில்லை. 2021 ஜூனில், இந்தியாவின் அசிங்கமான மொழி எது என்ற கேள்விக்குக் கூகுள் பெட்டி கட்டிக் கன்னடம் என்று பதில் காட்டியது. ஆயிரம் ஆண்டுக்கு மேலான இலக்கியம், எட்டு ஞானபீடம். தீர்ப்புச் சொன்னது எந்தப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை? கடனை அடைக்க யோசனை சொல்லும் ஏதோ ஒரு வலைத்தளம். கர்நாடகம் கொதித்தது, அமைச்சர் வழக்குப் போடுவோம் என்றார், கூகுள் மன்னிப்புக் கேட்டது. கேட்டுவிட்டு, இது தங்கள் கருத்தல்ல என்றது. பெட்டி கட்டி, பெரிய எழுத்தில், முதல் விடையாகப் போடுவார்களாம்; கருத்து மட்டும் அவர்களுடையது இல்லையாம். நாளைக்கு அந்தப் பெட்டியில் எந்த மொழி விழும் என்பது எந்தக் கடன்காரத் தளத்தின் கையிலோ.

மனிதரும் ஏமாறுகிறவர்கள்தானே என்பீர்கள். ஏமாறுகிறோம். 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘பிச்சோலிம் போர்’ என்று ஒரு கட்டுரை முளைத்தது. 1640-41-இல் கோவாவில் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த யுத்தம் என்று சுமார் 4,500 சொல். நல்ல கட்டுரை என்ற முத்திரையும் வாங்கியது. 1640-இல் சிவாஜிக்குப் பத்து வயது. அவருக்கு முடிசூட்டு விழா 1674-இல்தான் நடந்தது. இல்லாத பேரரசு, நடக்காத யுத்தம், ஐந்து ஆண்டு யாரும் கேட்கவில்லை. ஆனால் 2012-இல் ஒரு மனிதர் உட்கார்ந்து, அடிக்குறிப்பில் இருந்த புத்தகங்களைத் தேடினார். அப்படிப் புத்தகங்களே இல்லை. கட்டுரை அழிக்கப்பட்டது. அடிக்குறிப்பு இருந்ததால் பொய் பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள். அடிக்குறிப்பையே தின்று செரித்துவிட்ட ஒன்றிடம் எதைப் பிடிப்பீர்கள்?

தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் பள்ளி ஆண்டு மலருக்காக, நேரம் தவறாமையைப் பற்றி ஒரு குறள் வேண்டும் என்று ஒரு செயலியிடம் கேட்டார். கொடுத்தது. 1342-ஆம் குறளாம். எண்ணிப் பார்த்தால் ஒன்பது சீர். ஏழு சீர்தானே என்று இவர் கேட்க, “மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி! சரியான குறள் இதோ” என்று இன்னொன்றைத் தயாரித்து, இந்த முறை பரிமேலழகர் உரையோடு நீட்டியது. வள்ளுவர் எழுதாத குறளுக்குப் பரிமேலழகர் எழுதாத உரை. திருக்குறளில் மொத்தம் எத்தனை குறள் என்று தனியாகக் கேட்டிருக்கிறார். 133 அதிகாரம், 1,330 குறள் என்று பட்டென்று வந்தது. அந்தச் செய்தி அதற்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு வெட்கப்படத்தான் தெரியவில்லை. நம் ஆசிரியருக்குக் குறள் தெரியும், தப்பித்தார். தெரியாமல் கேட்கிற பிள்ளைக்கு 1342 என்பதும் குறள்தான்.

சரி, படித்தது எதை என்பதைப் பேசினோம். படிக்கப் புத்தகம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பேசும்போதுதான் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வர மறுக்கிறது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் சொல்கிற பாடப் பக்கங்களை நகலெடுத்து, பைண்டு போட்டு, மாணவர்களுக்குக் கொடுக்கும் கடை. முழுப் புத்தகத்தை வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் அதை வைத்துத்தான் படித்தார்கள். 2012-இல் அந்தக் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று மாபெரும் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. அறிவுச் சொத்து, உழைப்புக்கு மரியாதை, எழுத்தாளர் உரிமை என்று எத்தனை உபதேசம்! 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீடும் இழுபறியுமாகி, 2017-இல் பதிப்பகங்களே விலகிக்கொண்டன. இப்போது 2024 மே மாதத்துக்கு வாருங்கள். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய்க் கம்பெனியான இன்ஃபார்மா, தன்னிடம் இருக்கும் ஆய்வு எழுத்துகளை மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவுக்குத் திறந்துவிட்டு, முதல் தவணையாக ஒரு கோடி டாலர் பெறுவதாக அறிவித்தது. கட்டுரை எழுதிய பேராசிரியர்கள் பலர் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏழைப் பிள்ளை இருபது பக்கம் நகலெடுத்தால் திருட்டு. பணக்காரக் கம்பெனி மொத்தத்தையும் நகலெடுத்தால் கூட்டாண்மை.

காசு கொடுத்தவர்களாவது கொடுத்தார்கள். மெட்டா என்ன செய்தது என்று நீதிமன்றத்தில் வெளிவந்த காகிதங்கள் சொல்கின்றன. லிப்ஜென் என்கிற திருட்டு நூலகத்திலிருந்து புத்தகங்களை இறக்கியிருக்கிறார்கள். கம்பெனி லேப்டாப்பில் டாரண்ட் போடுவது சரியாகப் படவில்லை என்று ஓர் ஊழியர் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறார். அவருடைய மனசாட்சி அந்தச் சிரிப்புப் பொம்மை அளவுக்கு இருந்தது. மேலதிகாரிகளுக்கு அதுவும் இல்லை. பொறுப்பான செயற்கை நுண்ணறிவு என்று சதா பேசுகிற ஆந்த்ரோபிக்கும் இதில் சளைத்தது அல்ல. எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட திருட்டுப் பிரதிகளை இறக்கி வைத்திருந்தது என்று நீதிபதி வில்லியம் ஆல்சப் 2025 ஜூனில் எழுதினார். இன்னொரு பக்கம், அச்சுப் புத்தகங்களை லட்சக்கணக்கில் காசு கொடுத்து வாங்கி, முதுகை வெட்டி, தாளைத் தாளாக ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கியெறிந்தது. அது குற்றமில்லை, வாங்கிய புத்தகம், அவர்கள் இஷ்டம் என்றது தீர்ப்பு. படித்துக் கற்பதும் நியாயமான பயன்பாடுதான் என்றது. திருடிச் சேர்த்துவைத்தது மட்டும்தான் மாட்டியது. அதற்கு 150 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் பேசினார்கள். புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர் வருகிறது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நெய்க்காரன் வழக்குப் போட்டால் டப்பாவுக்கு மட்டும் விலை.

இதே அமெரிக்காவில் ஆரன் சுவார்ட்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தின் இணைப்பு வழியாக, ஜேஸ்டோர் என்ற இணையக் களஞ்சியத்தின் ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கினார். பத்து பைசா சம்பாதிக்கவில்லை. அரசாங்கம் அவர் மீது பதின்மூன்று குற்றச்சாட்டுகளைச் சுமத்திப் பல பத்தாண்டு சிறை என்று மிரட்டியது. விசாரணை தொடங்கும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு மட்டும் ஒரு கம்பெனியும் முதலீட்டாளரும் இருந்திருந்தால், அவர் செய்ததற்குப் பெயர் ஆராய்ச்சி.

படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட வார்த்தை, வன்மம் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமே, அதை யார் துடைத்தது? கென்யாவின் நைரோபியில் இருக்கிற தொழிலாளர்கள். சிறுவர் மீதான கொடுமை, கொலை, சித்திரவதை என்று இணையத்தின் சாக்கடையை நாளெல்லாம் வாசித்து, இது இன்ன வகை என்று முத்திரை குத்தும் வேலை. மணிக்கு அவர்கள் கையில் கிடைத்தது 1.32 முதல் 2 டாலர் வரை என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. அவர்கள் வேலை செய்தது ஓப்பன்ஏஐக்காக. அந்தக் கம்பெனியோ இடையில் இருந்த நிறுவனத்துக்கு மணிக்கு 12.50 டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. கணினி தானாகக் கற்றது என்று மேடையில் சொல்கிறார்களே, அந்தத் ‘தானாக’வுக்குக் கூலி இதுதான்.

நம் பங்குக்கு வருவோம். பொது இணையத்தை வாரி வைக்கும் காமன் கிரால் என்ற களஞ்சியத்தில் ஆங்கிலம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். தமிழ் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் இருக்கும்? தொண்ணூறுகளிலிருந்து எத்தனையோ நல்ல தமிழ் எழுத்தைப் பாமினி, திஸ்கி, டாப் என்ற பழைய எழுத்து முறைகளில் ஏற்றி வைத்து, எழுத்துரு போன பிறகு கொக்கியும் புள்ளியுமாக விட்டுவிட்டோம். நம் அலுவலகங்களில் அரசாணையைக் கணினியில் ஒழுங்காகத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடி ஸ்கேன் போட்டுக் கோணலான படமாக வலையேற்றுகிற சடங்கு இன்னும் நடக்கிறது. கணினி கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போனால் எதிரில் நிற்பது ராசிபலன், பாட்டி வைத்தியம், ‘அதிர்ச்சி! பிரபல நடிகை செய்த காரியம்’, நாசா வியந்த நம் கோயில், உலகின் சிறந்த தேசிய கீதமாக ஜன கண மன-வை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்த கதை. அந்தக் கதை பொய் என்று 2008-இலேயே யுனெஸ்கோ மறுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இன்னும் அது உயிரோடு இருக்கிறது. தமிழனைப் பற்றி இதையெல்லாம் படித்துவிட்டு வந்து அது நம்மிடமே ஒப்பிக்கும்போது, “பார்த்தியா, ஏஐயே சொல்லுது” என்று மறுபடி அனுப்புவோம்.

தமிழ் போதவில்லை என்று தெரிந்ததும் அவர்களே தயாரிக்கவும் பார்த்தார்கள். 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைத் தேற்றுவதற்காகக் கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி, தமிழ் விக்கிப்பீடியாவில் கொட்டியது. தலைப்புகளை முடிவு செய்தது தமிழர் இல்லை. தமிழ் என்று பேர் பண்ணிய வாக்கியங்களை ஊதியம் இல்லாத தமிழ்த் தன்னார்வலர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதை விமர்சித்துக் கட்டுரையே வாசித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கு, காசு வாங்காத தமிழர்கள் தரம் என்றால் என்ன என்று பாடம் எடுத்த சம்பவம் அது. நம் பாடப் புத்தகத்தில் ஏற வேண்டியது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்தால் எனக்குக் கோபம் இரட்டிக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, பல நாட்டுத் தமிழர்கள் அவரவர் வீட்டில் அமர்ந்து, சங்க நூல்களையும் சிற்றிலக்கியங்களையும் வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தட்டியவர்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர் இருக்கும். இந்த முகப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கொடுங்கள் என்று ஒரே ஒரு நிபந்தனை. கேட்டது காசு அல்ல; நாலு வரிப் பெயர். திறந்து கிடக்கும் அந்தப் பொக்கிஷத்தை இவர்கள் எடுக்காமல் விட்டிருப்பார்கள் என்று நம்ப நான் தயாராக இல்லை. இன்றைக்கு எந்தச் செயலியிடமாவது ஒரு பழம்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு வரும், சில சமயம் பாட்டு மாதிரியும் வரும். தட்டியவர் பெயர் வருகிறதா?

பாரதி எழுத்தை 1949-இல் அரசு எடுத்துக்கொண்டது முதல், நம் ஊரில் நாட்டுடைமை என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எழுத்தை எல்லோருக்கும் பொதுவாக்கும்போது வாரிசுகளுக்கு மேடை போட்டு ஒரு காசோலையாவது கொடுப்பார்கள், எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கும். இவர்கள் செய்திருப்பது கம்பெனியுடைமை. காசோலையும் இல்லை, அட்டையும் இல்லை. இதில் தமிழுக்குக் கூடுதல் கட்டணம் வேறு. கணினியில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட் பிடிக்கும் இடத்தில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘அம்மா’ என்று எழுதினால் பதினைந்து. வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுகிறார்கள். ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகத் துண்டாகிறது. நம் மொழியை இலவசமாகப் படித்து, நமக்கே அதிக விலைக்கு விற்கிற வியாபாரத்துக்குச் சாமர்த்தியம் வேண்டும், மறுக்கவில்லை.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டவர் ஒருவர் கனடாவில் இருக்கிறார். பாட்டி இறந்துபோக, அவசரமாக விமான டிக்கெட் எடுக்க வேண்டும். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று ஏர் கனடா தளத்தின் அரட்டைப் பொறி சொன்னது. நம்பிப் போய்வந்து கேட்டார். அப்படி விதியே இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. தீர்ப்பாயத்தில் அவர்கள் எடுத்த வாதத்தைத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது: அரட்டைப் பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்கிற மாதிரி! துக்க வீட்டுக்காரரிடம் சில நூறு டாலரைக் கொடுக்க மனமில்லாமல் மென்பொருளுக்கு மனிதப் பிறவி கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதைத் தூக்கியெறிந்து, பணத்தைக் கொடு என்றது. மற்றவர்கள் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ‘தவறுகள் நேரலாம், முக்கியமானவற்றைச் சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளையைத்தான் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் வேலைக்குச் சேர்க்கச் சிபாரிசுக் கடிதத்தோடு அலைகிறார்கள்.

நம் அரசாங்கம் என்ன செய்கிறது? 2025 டிசம்பரில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. சட்டப்படி கையில் கிடைத்த எழுத்தை எல்லாம் கம்பெனிகள் அனுமதி கேட்காமலே படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். வருமானம் வந்தால் ராயல்டியாக ஒரு பங்கைப் பொது அமைப்பு ஒன்றிடம் கட்டிவிட வேண்டும். அது எழுத்தாளருக்குப் பிரித்துக் கொடுக்கும் என்பது யோசனை. வேண்டாம், என் எழுத்தைத் தொடாதே என்று சொல்லும் உரிமை அதில் எழுத்தாளருக்கு இல்லை. வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் குடிவைத்துவிட்டு, வாடகையைச் சங்கத்திடம் வாங்கிக்கொள் என்கிறார்கள். ராயல்டி என்ற சொல்லைத் தமிழ் எழுத்தாளரிடம் உச்சரித்துப் பாருங்கள், அவர் சிரிக்கிற சிரிப்பில் விவரம் தெரியும். ஆந்த்ரோபிக் சமரசத்தின் 150 கோடியிலும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்த நூல்களுக்குத்தான் பங்கு. அங்கே போய்ப் பதிவு செய்த தமிழ் நாவலாசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரலே அதிகம் என்பது என் ஊகம்.

ராயல்டி பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். எதைப் படித்தாய் என்பதற்கு நெல் பதில் சொன்னது. பயிற்சிக்கு எடுத்தவற்றின் சுருக்கத்தையாவது வெளியிடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஆகஸ்டிலிருந்து சட்டம் போட்டுக் கேட்கிறது. தில்லியும் சென்னையும் இதே ஒன்றைக் கேட்கட்டும். தமிழ்ப் பதிப்பாளர்களும் எழுத்தாளர் சங்கங்களும் அடுத்த புத்தகக் காட்சி மேடையில் சால்வை போர்த்திக்கொள்ளும் முன் இதைத் தீர்மானமாகப் போடட்டும்: எங்கள் புத்தகங்களில் எவற்றைப் படித்தீர்கள்? பெயரும் ஆண்டும் போட்டுப் பட்டியலைக் கொடுங்கள்.